ஜி.பி.ஏ. 3.97, எஸ்.ஏ.டி. 1340: எங்கே காட்டுவது, எங்கே மறைப்பது?

ஜூன் மாதம், பள்ளி முடிந்த வாரம். நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, பையனுக்கு ஜி.பி.ஏ. 3.97. இதுவரைக்கும் ஆறு ஏ.பி. எடுத்திருக்கான், எல்லாத்துலயும் ஏ. எஸ்.ஏ.டி.தான் 1340ல நிக்குது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்ங்கிறான். ஸ்கோரைப் போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. முக்கால் மணி நேரம் பேசினோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் விஷயத்தில் நாங்களும் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு, பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் முடிவெடுத்தவர்கள். அமெரிக்காவில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பத் தயாராகும் மற்ற பெற்றோருக்கும் உதவட்டுமென்று அந்தப் பேச்சையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். புதியவர்களுக்கு: ஜி.பி.ஏ. என்பது பள்ளி கிரேடுகளின் சராசரி, வழக்கமாக 4க்கு. எஸ்.ஏ.டி. கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் தேர்வு, 1600க்கு. ஏ.பி. பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடம், அதற்குத் தனி வெளிப் பரீட்சையும் உண்டு.

முதலில் ஒன்று. 1340 கெட்ட மதிப்பெண் இல்லை. எஸ்.ஏ.டி. எழுதுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு மேலே இருக்கும் எண் அது. நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் 1500க்குக் கீழே யாரும் வாய் திறப்பதில்லை என்பதால்தான் அது கேவலமாகத் தெரிகிறது. குறைவு என்பது எந்தக் கல்லூரியின் பக்கத்தில் அதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால் எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து "போடலாமா வேண்டாமா" என்று ஒரே முடிவெடுப்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது. இன்னொரு சிக்கல், கையில் இரண்டு வழிதான் இருக்கிறது என்று நினைப்பது. காட்டலாம், மறைக்கலாம், திரும்ப எழுதலாம், எஸ்.ஏ.டி.யே கேட்காத வாசல் வழியாகப் போகலாம். ஆக நான்கு.

கல்லூரிகள் இப்போது எங்கே நிற்கின்றன

2020இல் கொரோனா வந்ததும் தேர்வு மையங்கள் மூடப்பட்டன, பெரும்பாலான கல்லூரிகள் ஸ்கோர் விருப்பமென்று அறிவித்தன. அந்தக் காலத்து அறிவுரைதான் இன்னும் பல வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "இப்பல்லாம் யாரும் எஸ்.ஏ.டி. பார்க்கிறதில்ல." அது பழைய கதை.

எம்.ஐ.டி. 2022 மார்ச்சிலேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. 2024இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், கார்னெல், ஸ்டான்ஃபோர்டு என்று வரிசையாக அறிவிப்பு வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினும் அதே வருடம். 2025இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சேர்ந்துகொண்டது. பிரின்ஸ்டன் 2027-28 சேர்க்கைச் சுற்றிலிருந்து கட்டாயம் என்று சொல்லிவிட்டது. ஜார்ஜியா டெக், பர்டூ, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஸ்கோர் கேட்கின்றன. இன்ஜினியரிங் பக்கம் போகிற பிள்ளைகளின் பட்டியலில் பாதி இங்கேயே வந்துவிடும்.

எதிர்ப்பக்கம் கொலம்பியா நிரந்தரமாகவே டெஸ்ட் ஆப்ஷனல், அதாவது ஸ்கோர் கொடுப்பது நம் விருப்பம். மிச்சிகனும் ஆப்ஷனல். போடன் கல்லூரி 1969இலிருந்தே அப்படித்தான். சிகாகோ பல்கலைக்கழகம் 2018இல் மாறியது. அங்கே இன்னொரு சலுகையும் உண்டு: நீங்கள் அனுப்பிய ஸ்கோர் உங்களுக்குப் பாதகமாக இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்கிறார்கள்.

மூன்றாவது ரகம், கொடுத்தாலும் பார்க்காதவர்கள். டெஸ்ட் பிளைண்ட். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் உட்பட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகங்களும், கலிஃபோர்னியா ஸ்டேட் வளாகங்களும் இதில் வரும். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் அது.

அந்தந்த வருடக் கொள்கையைக் கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள். போன வருடம் சேர்ந்த பிள்ளையின் அம்மா சொன்னதை நம்பாதீர்கள்.

மறைத்தால் அவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும்

ஸ்கோரை மறைத்தால் அந்த இடம் வெற்றிடமாக இருக்காது. படிக்கிறவர் வேறு எதையாவது வைத்து அதை நிரப்பிக்கொள்வார். முதலில் கண்ணில் படுவது ஜி.பி.ஏ. அதன் கதை என்னவென்றால், எஸ்.ஏ.டி.க்கு மாற்றாக எழுதும் ஏ.சி.டி. தேர்வை நடத்தும் நிறுவனத்தின் ஆய்வின்படி அந்தத் தேர்வு எழுதிய மாணவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 2010இல் 3.22 ஆக இருந்தது, 2021இல் 3.39 ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஏ விழுகிறது. பள்ளிக் கவுன்சலர் அனுப்பும் ஸ்கூல் ப்ரொஃபைலில் அந்த வகுப்பின் மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று இருந்தால், உங்கள் பிள்ளையின் 3.97 முதல் ஐந்து பேரில் ஒன்றா, முதல் நூறு பேரில் ஒன்றா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதனால் நான் நண்பரிடம் கேட்ட முதல் கேள்வி எஸ்.ஏ.டி. பற்றியே இல்லை. "ஏ.பி. பரீட்சையில என்ன வந்துச்சு?" அவருக்குத் தெரியவில்லை. பையனிடம் கேட்டுச் சொன்னார்: போன வருடம் எழுதிய கால்குலஸில் ஐந்துக்கு 5, ஹிஸ்டரியில் 4. இது பெரிய விஷயம். வகுப்பில் ஏ, வெளிப் பரீட்சையில் 5 என்றால் அந்த ஏ நிஜம் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. வகுப்பில் ஏ, பரீட்சையில் 2 என்றால் எஸ்.ஏ.டி.யை மறைத்தும் பிரயோஜனமில்லை. யேல் 2024இல் கொண்டுவந்த முறையில் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி.க்குப் பதிலாக ஏ.பி. அல்லது ஐ.பி. (சர்வதேசப் பாடத்திட்டம்) மதிப்பெண்களையே கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் ஏ.பி.யைத் தேர்ந்தெடுத்தால் எழுதியது எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும், நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது.

காட்டுவதா மறைப்பதா என்று பார்க்க ஒரு பொதுக் கருவி இருக்கிறது, காசும் கிடையாது. கல்லூரியின் பெயரோடு "காமன் டேட்டா செட்" என்று தேடினால் கல்லூரியே வெளியிடும் புள்ளிவிவர பி.டி.எஃப். ஒன்று வரும். சி பிரிவில் ஒன்பதாவது கேள்விக்குப் போங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் ஸ்கோர் கொடுத்தார்கள், அவர்களின் 25ஆம், 75ஆம் சதமான எண்கள் (கால்வாசிப் பேர், முக்கால்வாசிப் பேர் எந்த எண்ணுக்குக் கீழே) என்ன என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 25ஆம் சதமானம் 1480 என்று போட்டிருக்கிறது, ஸ்கோர் கொடுத்தவர்கள் 40 சதவீதம்தான் என்று வையுங்கள். மீதி 60 சதவீதம் பேர் மறைத்தவர்கள், அவர்களுக்கு 1480 இருந்திருந்தால் பெரும்பாலும் காட்டியிருப்பார்கள். ஆக அந்த வகுப்பின் உண்மையான அடிமட்டம் 1480ஐவிடக் கீழே. 1450 வைத்திருக்கிற பிள்ளை அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டியதில்லை. அதே கேள்வியில் 85 சதவீதம் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்றால் நிலைமை தலைகீழ். அங்கே மறைப்பவர் தனியாகத் தெரிவார்.

டார்ட்மத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதற்குக் காரணமாகக் காட்டிய ஆய்வு இதைத்தான் சொன்னது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், காட்டியிருந்தால் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய ஸ்கோரைக் குறைவென்று நினைத்து மறைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் ஸ்கோரைத் தனியாகப் பார்ப்பதில்லை, பிள்ளை படித்த பள்ளியின் சராசரியோடு வைத்துப் பார்க்கிறார்கள். சராசரி 1050 இருக்கும் பள்ளியிலிருந்து வரும் 1340 தலைநிமிர்ந்து நிற்கும். இங்கே நம் பெற்றோருக்கு ஒரு கசப்பான உண்மை: நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்று தேடித்தேடி வீடு வாங்கினோமே, அதே டிஸ்ட்ரிக்ட் இப்போது நம் பிள்ளையின் 1340ஐக் குட்டையாகக் காட்டும்.

என் கணக்கு இது. ஸ்கோர் அந்தக் கல்லூரியின் 25ஆம் சதமானத்தை எட்டினால் யோசிக்காமல் காட்டலாம். அதற்கு 30, 40 புள்ளி கீழே என்றால் பள்ளியின் சராசரியையும் எடுக்கப்போகும் மேஜரையும் (முதன்மைப் பாடம்) பார்க்க வேண்டும். அதற்கும் கீழே என்றால், ஆப்ஷனல் என்று சொல்லும் இடத்தில் மறைப்பதே மேல். மேஜர் ஏன் என்றால், 1340 என்பது ஒரே எண் இல்லை. ஆங்கிலம் 620, கணிதம் 720 ஒரு 1340. ஆங்கிலம் 720, கணிதம் 620 இன்னொரு 1340. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிற பிள்ளை இரண்டாவதைக் காட்டினால், தானே தன் மேல் சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறான். ஹிஸ்டரி கேட்கிற பிள்ளைக்கு அதே எண்ணில் அவ்வளவு சேதமில்லை. நண்பரின் பையனுக்கு முதல் வகை.

எங்கள் வீட்டில் நடந்த தப்பு இந்த இடத்தில்தான். மகளுக்கு 1380. காசு கொடுத்து வைத்த ஒரு கவுன்சலர் "1400க்குக் கீழே எங்கேயும் காட்டாதீங்க" என்றார். பெரிய எண், வட்டமான எண், நம்பிவிட்டோம். எல்லா இடத்திலும் மறைத்தோம். மே மாதம் எல்லாம் முடிந்தபிறகு ஒரு ராத்திரி நான் டைனிங் டேபிளில் உட்கார்ந்து பட்டியலில் இருந்த கல்லூரிகளின் காமன் டேட்டா செட்டை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒரு கல்லூரியில் 25ஆம் சதமானம் 1370 என்று இருந்தது. அவளை வெயிட்லிஸ்ட்டில் போட்ட கல்லூரி அது. காட்டியிருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன், யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த பி.டி.எஃபைத் திறக்க இரண்டு நிமிடம் போதும், அந்த இரண்டு நிமிடத்தை நவம்பரில் செலவழித்திருக்கலாம்.

ஸ்காலர்ஷிப்பையும் மறந்துவிடாதீர்கள். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஜி.பி.ஏ.யையும் ஸ்கோரையும் வைத்து அட்டவணை போட்டே உதவித்தொகை கொடுக்கிறார்கள். சேர்க்கைக்கு ஸ்கோர் வேண்டாம் என்கிற கல்லூரி, பணம் கொடுக்கும்போதும் வேண்டாம் என்று சொல்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

திரும்ப எழுதுவது

மார்ச்சில் ஒரே ஒரு முறை எழுதியவன் ஜூனில் "மறைப்பதா" என்று யோசிப்பது அவசரம். ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று தேதிகள் இருக்கின்றன. ஆனால் வெறுமனே திரும்ப எழுதுவதில் பலன் குறைவு. ஏன் குறைந்தது என்று முதலில் பிடிக்க வேண்டும்.

இப்போது எஸ்.ஏ.டி. கம்ப்யூட்டரில்தான். இரண்டு மணி 14 நிமிடம். ஆங்கிலம் இரண்டு மாட்யூல், ஒவ்வொன்றிலும் 27 கேள்வி, 32 நிமிடம். கணிதம் இரண்டு மாட்யூல், 22 கேள்வி, 35 நிமிடம். முதல் மாட்யூலில் செய்வதைப் பொறுத்துத்தான் இரண்டாவது கடினமாகவோ சுலபமாகவோ வரும். சுலபமான இரண்டாவது மாட்யூல் வந்துவிட்டால், அதில் எல்லாமே சரியாகப் போட்டாலும் உச்ச மதிப்பெண்ணை எட்ட முடியாது. முதல் மாட்யூலில் கவனக்குறைவாக விட்ட நாலு கேள்வி மொத்தக் கதையையும் மாற்றிவிடும். நன்றாகப் படிக்கிற, வேகமாகப் போடுகிற பிள்ளைகள் விழுகிற குழி இது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எஸ்.ஏ.டி.யை நடத்தும் காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில் இலவசப் பயிற்சித் தேர்வுகள் இருக்கின்றன. ஒன்றை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். தப்பான கேள்விகளை மறுநாள் கடிகாரம் இல்லாமல், விடை பார்க்காமல், திரும்பப் போடச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சரியாக வந்தால் பிரச்சினை நேரம். வராவிட்டால் பாடம். நேரம்தான் பிரச்சினை என்றால், அதிலும் டிஸ்லெக்சியா போன்ற காரணத்துக்காகப் பள்ளியில் ஏற்கெனவே கூடுதல் நேரம் வாங்குகிற பிள்ளை என்றால், காலேஜ் போர்டிடம் அதே சலுகையைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. வெளியே தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று அதைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் நம்மில் நிறைய.

நேரம்தான் பிரச்சினை என்றால் ஏ.சி.டி.யையும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். 2025இல் அதைச் சுருக்கிவிட்டார்கள். கேள்விகள் குறைந்தன, ஒரு கேள்விக்குக் கிடைக்கும் நேரம் கூடியது, சயின்ஸ் விருப்பப் பாடமாகிவிட்டது. முதல் பகுதியைப் பார்த்து அடுத்த பகுதி மாறும் வேலையும் அதில் கிடையாது. எஸ்.ஏ.டி. 1340க்கு ஏ.சி.டி.யில் இணை 36க்கு 29. பயிற்சித் தேர்வில் 31 வந்தால் மாறிவிடலாம், 29தான் வந்தால் பழையதிலேயே இருக்கலாம்.

சூப்பர்ஸ்கோர் எடுக்கும் கல்லூரிகளில் இன்னொரு வசதி. மார்ச்சில் 620 + 720. அக்டோபரில் 680 + 700 வந்தால், அந்தத் தேர்வின் மொத்தம் 1380தான், ஆனால் கல்லூரி எடுத்துக்கொள்வது 680ஐயும் 720ஐயும். 1400. அதனால் அடுத்த முறை ஆங்கிலத்தை மட்டும் குறிவைத்து இரண்டு மாதம் படித்தாலும் வீண் போகாது. மூன்றாவது முறைக்கு மேல் எழுதுவதை நான் ஆதரிக்கமாட்டேன். பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் விண்ணப்பக் கட்டுரை எழுதுவதற்கான சனிக்கிழமை.

வேறு வாசல்

கலிஃபோர்னியாவில் குடியிருக்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம்தான். நல்ல கிரேடு, மோசமான ஸ்கோர் என்றால் பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் சான் டியாகோவும் உங்கள் ஸ்கோரைக் கேட்கவே போவதில்லை. பள்ளியில் முதல் 9 சதவீதத்தில் இருந்தால் தனி மதிப்பும் உண்டு. மற்ற மாநிலத்துக்காரர்கள் அதே உற்சாகத்தோடு குதிக்கிறார்கள், அங்கேதான் சறுக்கல். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஜி.பி.ஏ.யைத் தன் முறையில் கணக்கிடும். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்று முடிந்த கோடை வரைதான் கணக்கு. வெளிமாநிலப் பள்ளி "ஹானர்ஸ்" என்று பெயர் வைத்த வகுப்புகளுக்கு கூடுதல் புள்ளி கிடையாது, ஏ.பி., ஐ.பி.க்கு மட்டும்தான். நியூஜெர்சியில் கூடுதல் புள்ளிகள் சேர்த்து 4.6 என்று பெருமையாகச் சொன்ன எண் அங்கே போனதும் இளைத்துவிடும். பிறகு பணம். வெளிமாநிலத்துக்காரர்களுக்கான கூடுதல் கட்டணம் மட்டும் 2024-25இல் 34,200 டாலர். அதோடு, ஸ்கோர் இல்லாத இடத்தில் கட்டுரையின் எடை கூடுகிறது. எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல். கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதி முடிக்கிற சமாசாரம் இல்லை அது.

டெக்சாஸில் வேறு கதை. அங்கே வகுப்பில் உங்கள் ரேங்க்தான் சாவி. 1997இல் வந்த சட்டத்தின்படி மேல் ரேங்க்காரர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினுக்கு மட்டும் அந்த வரம்பு தனி, 2026 இலையுதிர் சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். ஸ்கோரை அனுப்பியாக வேண்டும், ஆனால் அது குறைவென்பதற்காக அந்த உறுதி போகாது. உறுதி பல்கலைக்கழகத்துக்குத்தான், மேஜருக்கு இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால் ஸ்கோர் மறுபடி வந்து நிற்கும்.

நம் வீடுகளில் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கும் வழி, கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி. கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு, டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு உத்தரவாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மாறலாம். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலிஸும் உத்தரவாதம் தருவதில்லை என்றாலும் மாறிவருகிற மாணவர்களை எடுக்கின்றன. எஸ்.ஏ.டி. பேச்சே வராது, பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். கல்யாண வீட்டில் "பையன் எங்க படிக்கிறான்" என்று நாலு பேர் கேட்கும் இரண்டு வருடத்தைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் வருவதற்குள் இங்கே முடிவுகளே வந்துவிடும், பள்ளி கொடுக்கும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள். உங்கள் பள்ளியை அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பும் குறைவு. அதனால் உங்கள் விஷயத்தில் நான் மறைப்பதைவிடத் திரும்ப எழுதுவதன் பக்கம்தான் சாய்வேன்.

அனுப்புவதற்கு முன்

மறைப்பது என்று முடிவெடுத்தால், அது உண்மையிலேயே மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில பள்ளிகள் எஸ்.ஏ.டி. ஸ்கோரை டிரான்ஸ்கிரிப்டிலேயே (பள்ளி மதிப்பெண் பட்டியல்) அச்சிட்டுவிடுகின்றன. கவுன்சலரிடம் கேட்டு எடுக்கச் சொல்ல வேண்டும், செப்டம்பரிலேயே. பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் ஒரு கல்லூரிக்குக் காட்டி இன்னொன்றுக்கு மறைக்கும்போது, ஒவ்வொன்றையும் அனுப்புமுன் வரும் முன்னோட்ட பி.டி.எஃபை முழுக்க ஓட்டிப் பாருங்கள். குறைந்த ஸ்கோருக்கு விளக்கம் சொல்லிக் கூடுதல் தகவல் பெட்டியில் பத்தி எழுதாதீர்கள். காய்ச்சல், இழப்பு என்று நிஜமான காரணம் இருந்தால் இரண்டு வரி போதும். மறைத்த ஸ்கோருக்கு விளக்கம் எழுதிய ஒரு வரைவை நானே பார்த்திருக்கிறேன்.

நண்பரிடம் கடைசியில் சொன்னது: ஜூலை முழுக்க ஆங்கிலம் மட்டும், ஆகஸ்டில் ஒருமுறை, வேண்டுமென்றால் அக்டோபரில் இன்னொருமுறை. பட்டியலில் இருக்கிற பன்னிரண்டு கல்லூரிகளையும் ஒரு ஷீட்டில் போட்டு, கட்டாயம், விருப்பம், பார்ப்பதில்லை என்று ஒரு கட்டம். 25ஆம் சதமானம் ஒரு கட்டம். எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்று ஒரு கட்டம். காட்டுவதா என்ற கடைசிக் கட்டத்தை அக்டோபர் ஸ்கோர் வரும்வரை காலியாக விடச் சொன்னேன்.

போன வாரம் ஷீட்டை அனுப்பியிருந்தார். மூன்று கட்டமும் பையனே நிரப்பியிருக்கிறான். கடைசிக் கட்டத்தில் மட்டும் பன்னிரண்டு வரிசையிலும் அப்பா "மறை" என்று அடித்து வைத்திருந்தார். அழிக்கச் சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன்.